நாடாச் சத்தத்துக்கு நடந்த குதிரை

காத்தான்குடியில் ஓட்டுகிறவன் இல்லாமல் ஒரு குதிரை வண்டில் ஓடியதாம், ஜின் ஓட்டியதாம் என்று டவுனில் இன்றைக்கும் கதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜின்னுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. ஓட்டியது என் ராத்தா ஸகியா. அந்த வண்டிலுக்குள் அவளோடு முழங்கால் இடிக்க இருந்தவள் நான். ஆகவே இந்த விஷயத்தில் என் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

ராத்தா எனக்கு நேரே மூத்தவள். சின்ன வயதிலிருந்தே தறிக்குழியில் கால் வைத்தவள். அவள் நெய்த சாரன், அதுதான் கைலி, என்றால் ஏறாவூர்ச் சந்தையில் கேட்டு வாங்குவார்கள். யுத்தம் தொடங்கி நூல் வருவது நின்றதும் தறியும் நின்றது. அவளுடைய மாப்பிள்ளை அசனார் மச்சான் டவுனில் பறங்கி வீடுகளுக்குப் புல் வெட்டிக் கொடுக்கிறவர். அப்படிப் புல் கொடுத்த வீடுகளில் ஒன்று மேர்டில் நோனாவுடைய வீடு. கலியாணம் கட்டாத மனிசி. அவருக்கு ஒரு செம்பட்டைக் குதிரை இருந்தது. பெண் குதிரை, பெயர் டேசி. கூரை போட்ட சின்ன வண்டில் ஒன்றும் இருந்தது.

யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டானே, அந்த வருஷம். எங்கள் கடலிலும் ஒரு கப்பல் குண்டு பட்டு மூழ்கிற்று. கல்லடிக் கடற்கரையில் நின்றவர்கள் புகையைக் கண்டு வந்து சொன்னார்கள். டவுனில் இருந்தவர்கள் பெட்டி படுக்கையோடு மலைப் பக்கம் வெளிக்கிட்டார்கள். நோனாவும் தம்பி எல்மோ துரையோடு பதுளைக்குப் போக ஆயத்தமானார். போகிற அன்று மச்சானைக் கூப்பிட்டு, கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

"அசனார், டேசியை உனக்கிட்டத் தாறன். மாரி மழைக்கு முந்தி வந்து பாப்பன். நல்லா இருந்தா அது உன்ட குதிரை, வண்டிலும் உன்ட. நொண்டிக்கிட்டு, வருத்தப்பட்டுக்கிட்டு நிண்டா எல்மோ சுட்டுப்போடுவான். கண்ட கண்ட ஆக்கள்ட அடி வாங்கிச் சாகுறதுக்கு அது மேல்."

எல்மோ துரை துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு பக்கத்தில் நின்றாராம். "விளங்கினதா?" என்று ஒரு சொல்தான் கேட்டாராம்.

பஸ்ஸுக்கு எண்ணெய் இல்லாத காலம். மச்சான் வண்டிலைச் சுற்றித் துணித்திரை கட்டி, ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் எங்கள் பெண்களை ஏற்றி இறக்கத் தொடங்கினார். தறி நின்ற வீட்டில் மறுபடி அடுப்பு ஒழுங்காக எரிந்தது. டேசி போனால் அதுவும் போகும். அது ராத்தாவுக்குத் தெரியும்.

பிழை விட்டது எங்கே என்றால், எங்களுக்குத் தெரிந்த மிருகம் எருமை. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வேலை முடிந்தால் எருமையை ஆற்றுச் சேற்றில் விடுவார்கள். அது மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும், அதற்கு அதுதான் சுகம். மச்சானும் பின்னேரம் பின்னேரம் டேசியை ஆற்றுக்குக் கொண்டுபோய், வயிறு நனையச் சேற்றில் நிறுத்திப் பொழுது சாயும் வரைக்கும் வைத்திருப்பார். பார்த்தவர்கள் எல்லோரும், "அசனார் குதிரைய என்ன அருமையாப் பாக்கிறான் பாருங்க" என்றார்கள். டேசி கரைக்கு இழுக்கும். மச்சான் திரும்பவும் தண்ணிக்குள் இழுப்பார். குதிரைக்குத் திமிர் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

ஆவணி வெயிலில் ஒருநாள் டேசி முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. அடுத்த நாள் மற்றக் காலும் அப்படி. குளம்பைத் தொட்டால், ஊறின கொட்டைப்பாக்கு மாதிரி நகம் இறங்கிற்று. கெட்ட மணமும் வந்தது.

மச்சான் ஆள் தேடிப் புறப்பட்டார். இந்த மட்டக்களப்பில் குதிரை தெரிந்த ஒரு மனிசன் வேண்டும், அவ்வளவுதான். எங்கே இருக்கிறான்? சித்தாண்டிப் பக்கம் மாட்டுப் பட்டி வைத்திருந்த ஒருவர், "சூடுதான் அசனார். இன்னும் கொஞ்ச நேரம் தண்ணியில விடு" என்றார். யானை பிடிக்கிற ஒருவர் வேப்பெண்ணெய் பூசச் சொன்னார். கல்குடாவில் ஒருவர் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் பல வருஷம் வேலை செய்தவர் என்று கேள்விப்பட்டு, மச்சான் வெயிலில் வெந்து அங்கே போனார். அந்த ஆள் பந்தயம் பார்க்க வந்த சனத்துக்குக் கடலை விற்றவராம்! "குதிரைய நான் தூரத்தில கண்டதுதான் தம்பி" என்று சொல்லி, மச்சானுக்கு ஒரு சுருள் கடலை கொடுத்து அனுப்பினாராம். மச்சான் அந்தக் கடலையைக் கொண்டுவந்து ராத்தாவிடம் கொடுத்தார். சிரிக்கவும் ஏலாமல் அழவும் ஏலாமல் இரண்டு பேரும் அதைத் தின்றார்கள்.

கடைசியில் ஏறாவூரிலிருந்து கச்சி முகம்மது காக்காவைக் கூட்டிவந்தார்கள். வண்டில் மாட்டுக்கு லாடம் அடிக்கிறதில் அவருக்கு மேல் ஆளில்லை. காக்கா டேசியின் காலைத் தூக்கிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"மாட்டுக் குளம்பு ரெண்டாப் பிளந்திரிக்கும். இது ஒண்டாக் கிடக்கே. எங்கிட்டக் கிடக்கிறது பாதி லாடம் அசனார்."

"ரெண்டு பாதியையும் சேத்து அடிங்க காக்கா."

"அடிச்சுப் பாப்பம்."

அடித்தார். ஊறின நகத்துக்குள் ஆணி எங்கே போனதோ, டேசி அலறிக்கொண்டு உதைத்தது. உதை மச்சானுடைய தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வேலிக்கு உள்ளே எங்களுக்குக் கேட்டது.

முறிவு வைத்தியர் மச்சானின் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போனார். குதிரை முற்றத்தில் மூன்று காலில் நின்றது. அன்றைக்குத்தான் ராத்தா டவுனிலிருந்து மாட்டு டாக்குத்தரைக் கூப்பிடச் சொன்னாள். மச்சானின் தம்பி அப்துல் மஜீத் போய்க் கூட்டிவந்தான். அந்த டாக்குத்தர் நல்ல மனிசன். காலைப் பார்த்தார், திரைக்கு அப்பால் நின்ற எங்களுக்கும் கேட்கச் சத்தமாகவே சொன்னார்.

"முதல்ல இந்த இரும்பைக் கழட்டுங்க. ஆத்துப் பக்கமே கொண்டுபோகாதீங்க, காஞ்ச நிலத்தில விடுங்க. மருந்து தாறன், பூசுங்க. நான் மாடு பாக்கிறவன். குதிரையைப் பத்திப் படிச்சது இவ்வளவுதான். மிச்சத்தை நீங்கதான் கிட்ட நிண்டு பாக்கணும்."

போகும்போது மச்சானிடம் குரலைத் தாழ்த்தினார்.

"எல்மோ துரை எனக்குப் பழக்கம், அசனார். மாரிக்கு முந்தி வாறார். என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டன்."

"சொல்ல வேணாம் ஐயா. அதுக்குள்ள நடக்கப் பண்ணுறம்" என்று மச்சான் சொன்னார். சொன்னவருக்குச் சோறு தின்னவே ஒரு கைதான் இருந்தது.

கச்சி முகம்மது காக்கா தானாகவே திரும்பி வந்து, ஒவ்வொரு ஆணியாக, முட்டை உடையாமல் எடுக்கிற மாதிரி எடுத்தார். "என்ட கை செய்ததை என்ட கையே எடுக்கட்டும்" என்றவர், ஒரு வாய்த் தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்.

காய்ந்த நிலம் எங்கே? வளவுக்குப் பின்னால் பாவு நீட்டுகிற இடம் இருந்தது. சாயம் போட்ட நூலை நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவிட அந்த மணலைக் கல்முள் இல்லாமல் அரித்து வைத்திருப்போம். நூல் இல்லாமல் அது சும்மா கிடந்தது. அது பெண்கள் புழங்குகிற இடம், வெளி ஆண்கள் வரமாட்டார்கள். டேசியை அங்கே விட்டோம். அன்றிலிருந்து குதிரை ராத்தாவுடைய பொறுப்பு.

வேலிக்கு அந்தப் பக்கம் தெரு. ஆண்கள் போய் வருகிற தெருவுக்குக் கேட்கும்படி ஒரு பெண் குரலெடுத்துக் குதிரையைக் கூப்பிட முடியுமா? ராத்தா யோசித்தாள். சும்மா கிடந்த தறி நாடாவை எடுத்தாள். நூல் சுற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமே, அந்த மரத்துண்டுதான். அதைப் பலகையில் டக் டக் என்று தட்டிவிட்டுப் புல்லை நீட்டினாள். முதலில் டேசி திரும்பியும் பார்க்கவில்லை. மறுகா காது மட்டும் திரும்பிற்று. மறுகா நொண்டி நொண்டி வந்தது.

அவள் கம்பு எடுக்கவில்லை. மணலில் அமர்ந்து குதிரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எந்த மணலில் காலை அழுத்தி வைக்கிறது, எங்கே தூக்குகிறது என்று பார்ப்பாள். "இதுதான் அப்பவே கரைக்கு இழுத்துச்சே, நாமதான் விளங்கல்ல" என்று ஒருநாள் சொன்னாள். தவிட்டை நிறுத்தினாள். புல் மட்டும். கயிற்றைப் பிடித்தால் பாவு நூலைப் பிடிக்கிற மாதிரித்தான் பிடிப்பாள். தொய்யவும் விடமாட்டாள், அறவும் விடமாட்டாள். ஒரு தட்டு என்றால் நட. விட்டுவிட்டுத் தட்டினால் மெல்ல. அந்தத் தட்டு நின்றால் நில். நான் பக்கத்திலிருந்து சிரிப்பேன். "மதரஸாவுக்கு அனுப்புவமா ராத்தா?" என்பேன். "உன்னவிடக் கெதியா ஓதும்" என்பாள்.

இடையில் ஒருநாள் மஜீத், "பொண்டுகள் விளையாடினது காணும்" என்று டேசியை வெளியே கொண்டுபோய் வண்டிலில் பூட்டிச் சவுக்கால் ஒரு வீச்சு வீசினான். டேசி பின்னங்காலில் எழும்பி அவனை வேலியோடு சாத்திவிட்டது. அதற்குப் பிறகு அவன் குரல் கேட்டாலே அதன் காது பின்னுக்குப் படியும்.

மேகம் கறுக்கத் தொடங்கின ஒரு காலையில் எல்மோ துரை சைக்கிளில் வந்து இறங்கினார். தோளில் துவக்கு. நோனா கல்லடிப் பாலத்தடியில் நிற்கிறாராம். இங்கே வந்து பார்க்க அவருக்கு மனம் வரவில்லையாம்.

"டாக்குத்தர் எல்லாம் சொன்னார், அசனார். வண்டிலைப் பூட்டு. பாலம் மட்டும் வரட்டும். வழியில நொண்டினா அந்த இடத்திலயே முடிச்சிடுவன்."

மச்சானின் கை இன்னும் கட்டோடுதான். "தம்பி மஜீத் கயிறு பிடிப்பான் துரை" என்றார். ராத்தா உள்ளேயிருந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா, வண்டிலுக்குள்ள ஏறு. நான் உள்ளுக்க இருந்தா என்ட மணம் அதுக்குத் தெரியும்."

முக்காட்டை இழுத்துவிட்டுப் பின்பக்கத்தால் ஏறினோம். திரையை இறக்கினோம். நாடா அவள் மடியில் இருந்தது.

"உள்ளுக்க ஆர்?" என்று துரை கேட்டார்.

"எங்கட பொம்பிளைகள் துரை."

அதற்கு மேல் துரை கேட்கவில்லை. இந்த ஊர்ப் பழக்கம் தெரிந்த மனிசன், திரைப் பக்கம் பார்க்கவுமில்லை.

மச்சான் முன்பலகையில் ஏறி இருந்தார். கடிவாள வார் அவர் காலடியில் கிடந்தது. மஜீத் குதிரையின் முகத்தடிக்குப் போனான். "ஹேய்! நட!" என்று கத்தினான். டேசி தலையை உதறிப் பின்னுக்கு வந்தது, வண்டில் கிறீச்சிட்டுச் சாய்ந்தது. மறுபடி கத்தினான். டேசி முன்னங்காலைத் தூக்கிற்று. நான் ராத்தாவின் கையை இறுக்கிக்கொண்டேன்.

"விடு மஜீத், விடு" என்றார் எல்மோ துரை. அவர் குரல் சாந்தமாக இருந்தது, அதுதான் பயம். "அதைத் துன்பப்படுத்தாத. அவிட்டு ஓரமாக் கொண்டு வா."

துவக்கின் வாயைத் திறந்து மூடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. துணிக்கு இந்தப் பக்கம் நான் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ராத்தா திரைக்குக் கீழால் கையை விட்டாள். மச்சானுடைய காலடியில் கிடந்த வாரை மெல்ல உள்ளே இழுத்தாள். மற்றக் கையால் நாடாவை எடுத்து வண்டில் பலகையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

டக்.

வெளியே எல்லாச் சத்தமும் அடங்கிற்று. டேசி நான்கு காலையும் மணலில் ஊன்றிற்று.

டக்.

வண்டில் அசைந்தது. மஜீத் பாய்ந்து விலகினான். "காக்கா, ஆர் ஓட்டுற?" என்று அண்ணனைப் பார்த்து வாயைத் திறந்தவனை, மச்சான் "வாயைப் பொத்துடா, பின்னால வா" என்று அடக்கினார்.

திரையின் இரண்டு துணி சந்திக்கிற இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெளி இருந்தது. அதற்குள்ளால் ராத்தாவுக்குத் தெரிந்தது குதிரையின் இரண்டு காதும் கொஞ்சம் வானமும்தான். தெருவும் தெரியாது, குளம்பும் தெரியாது. அந்தக் காதைப் பார்த்துத்தான் ஓட்டினாள். காது முன்னுக்கு நிமிர்ந்தால் வாரை விட்டுக்கொடுப்பாள். ஒரு காது பக்கத்துக்குப் போனால், "அந்தப் பக்கம் என்னமோ" என்று என் காதுக்குள் சொல்லி நாடாவை மெல்லத் தட்டுவாள். பக்கத்தில் சைக்கிள் சக்கரம் கறகறவென்று கூடவே வந்தது. துரை குதிரையின் காலை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை என்று மச்சான் பிறகு சொன்னார்.

நாவற்குடா வரைக்கும் ஓரத்து மணலில் போனோம். அங்கே பட்டாளத்து லொறி போகத் தெருவுக்குக் கல் பரப்பியிருந்தார்கள். உடைத்த கருங்கல், உருளை போட்டு நெரிக்காத கல். டேசி தானாகவே ஓரத்துக்குச் சாய்ந்தது.

"மணல்ல எந்தக் குதிரையும் நடக்கும்" என்றார் துரை. "கல்லில ஏத்து."

"இரும்பில்லாத கால் துரை..."

"அதுதான் பாக்கணும். ஏத்து."

ராத்தா வாரைக் கொஞ்சம் இழுத்தாள், டேசி கல்லில் ஏறிற்று. அவ்வளவுதான், பிறகு வாரை முழுக்கத் தொய்ய விட்டுவிட்டாள். "புடிங்க ராத்தா!" என்றேன். "நான் என்னத்தைக் கண்டன்? அதுக்குத்தானே கால் இருக்கு, அது பாத்து வைக்கட்டும்" என்றாள். டேசி தலையைத் தாழ்த்தியது. காது இரண்டும் மறைந்துபோயின. இப்போது வானம் மட்டும். கல்லை மோந்து மோந்து, ஒவ்வொரு காலாக அது வைத்துப் போவது வண்டில் ஆட்டத்தில் தெரிந்தது.

அப்போதுதான் முன்னாலிருந்து லொறிச் சத்தம் வந்தது.

"ஓரம் எடு அசனார்!" என்று துரை கத்தினார். மச்சானுடைய கையில் என்ன இருக்கிறது எடுக்க? லொறிக்காரன் ஹோர்னை அடித்தான். டேசியின் காதுகள் மேலே எழும்பி விறைத்தன. வண்டில் ஒரு பக்கம் குதித்தது. இறுக்கி இழுத்தால் கல்லில் சறுக்கும், அடிபடும், நொண்டும். நொண்டினால் துவக்கு. ராத்தா இழுக்கவில்லை. வார் அவள் கையில் பாவு நூல் மாதிரி நின்றது. நாடாவை மட்டும் விட்டுவிட்டுத் தட்டினாள். டக்... டக்... டக்... லொறி பக்கத்தால் போகும்போது திரைத்துணி உள்ளே அடித்து, புழுதி எங்கள் வாய்க்குள் போயிற்று. அவள் கண்ணை மூடவில்லை. ஒரு காது, ஒரே ஒரு காது, மெல்லப் பின்னுக்கு, எங்கள் பக்கம் திரும்பிற்று.

ராத்தா தட்டுவதை நிறுத்தினாள். டேசி நின்றது. கல்லுக்கு நடுவில், லொறிப் புழுதிக்குள், சும்மா நின்றது.

"யா அல்லாஹ்" என்றார் மச்சான்.

மறுபடி ஒரு தட்டு, பாலத்தடி வரைக்கும் டேசி நொண்டாமல் போயிற்று. பாலத்தடியில் துரை சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். நான் திரையின் கிழிசலால் பார்த்துக்கொண்டிருந்தேன். டேசி வாலை ஆட்டி ஈ விரட்டிற்று, அவ்வளவுதான்.

"நகம் வைரம் மாதிரி வந்திருக்கு" என்றார். "கல்லில எந்த நாளும் ஓட்டினாத் தேயும், அசனார்."

"தேஞ்சா நிப்பாட்டி மணல்ல விடுவம் துரை."

"சரி. இப்ப எனக்கு ஒண்டு சொல்லு. உன்ட கை கட்டில. உன்ட தம்பி பின்னால ஓடி வந்தான். வாரைப் பிடிச்சது ஆர்?"

மச்சான் காலடியைப் பார்த்தார். மஜீத் ஆற்றைப் பார்த்தான். அந்த நேரத்தில் மேர்டில் நோனா வண்டிலின் பின்பக்கம் வந்து, திரையைக் கொஞ்சமாக விலக்கித் தலையை உள்ளே விட்டார். ராத்தாவின் ஒரு கையில் வார், மறு கையில் நாடா. நோனா அந்தக் கைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ராத்தாவின் முகத்தைப் பார்த்தார். மறுகா திரையை முன்பு கிடந்த மாதிரியே சரியாக மூடிவிட்டு வெளியே திரும்பினார்.

"ஆரெண்டா என்ன, எல்மோ? குதிரை நடந்துது. தோட்டாவை எடு."

துவக்கு திறக்கிற சத்தம் கேட்டது. தோட்டா சட்டைப் பைக்குள் விழுகிற சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகுதான் ராத்தா அழுதாள், வாயில் முக்காட்டைத் திணித்துக்கொண்டு.

நோனா டேசியின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். "இனி இது உன்ட, அசனார்" என்றார். பிறகு திரைப் பக்கம் பார்த்து, "உங்கட" என்று திருத்தினார். சனம் அங்கே கூடி நின்றது. கையில் வார் இல்லாத ஒரு மனிசன் முன்னால் இருக்க, வண்டில் தானாகக் கிறுகித் திரும்பிக் காத்தான்குடிக்குப் போனதை அவர்கள் கண்டார்கள். ஜின் கதை பிறந்தது அன்றைக்குத்தான்.

பஸ் திரும்ப ஓடும் வரைக்கும் ராத்தாதான் ஓட்டினாள். எலும்பு பொருந்திய பிறகும் மச்சான் முன்பலகையில் கையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார். யாராவது கேட்டால், "குதிரைக்கு வழி தெரியும்" என்பார். கல் கிடக்கிற தெரு என்றால் ராத்தா போகமாட்டாள். எவ்வளவு பெரிய வீட்டுக் கலியாணமாக இருந்தாலும் மாட்டு வண்டில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவாள். அந்தப் பிடிவாதம் எங்கள் குடும்பத்து வியாதி.

யுத்தம் முடிந்து நூல் வந்தது. ராத்தா தறியில் இருந்து முதல் நாடாவை விட்ட அந்த நிமிஷமே, பாவு நீட்டுகிற மணலிலிருந்து டேசி வந்து வேலிக்கு மேலால் தலையை நீட்டிற்று. நான் விரட்டப் போனேன். "விரட்டாத. நான்தானே கூப்பிட்டன்" என்று ராத்தா எழும்பிப் புல் எடுக்கப் போனாள். நாடா ஓடுகிறது, குதிரை வருகிறது, அவள் எழும்புகிறாள். அந்தச் சாரன் நெய்து முடியப் பெருநாளே வந்து போய்விட்டது.